மூவாயிரம் கன்றும் பதினான்கு சேலையும்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. எந்தத் தாளை எந்தத் தாளோடு சேர்த்துப் பின் குத்துவது, எந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புவது, இதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். நான் எழுதுவது அதற்கு வெளியே நடந்த ஒன்றை. அதில் என் தவறு ஒன்று இருக்கிறது. நம் அல்லிநகரத்து அலுவலக மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே, பதினாறு வருடம் உட்கார்ந்து தேறிய பிறகு செய்த தவறு. புதிதில் செய்யும் தவறை நாலு பேர் பிடித்துவிடுவார்கள். தேறிய பிறகு செய்வதை யாரும் பிடிக்க மாட்டார்கள். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போய்விடுவார்கள்.

போன வருடம் நான் வேலையை விட்டபோது எனக்கு ஐம்பது ஆகவில்லை. ஓரிடத்தில் உட்கார முடியாத கால் எனக்கு. லாரியில் வந்த சரக்கு கெட்டால் உடையவருக்கு ஈடு வாங்கித் தருகிற இந்த வேலையில் எனக்குப் பிடித்தது, சரக்கு கெட்ட இடத்துக்கெல்லாம் ஓட வேண்டியிருந்ததுதான். போடியில் ஏலக்காய் மூட்டை நனைந்தால் போடிக்கு, கம்பத்தில் திராட்சைப் பெட்டி நசுங்கினால் கம்பத்துக்கு, வருசநாட்டுக்குப் போன மோட்டார் வழியில் இறங்கித் தொலைந்தால் வருசநாட்டுக்கு. மலை இரண்டு பக்கமும் கூடவே ஓடிவரும். நான் எழுதியதெல்லாம் உடைந்தது, குறைந்தது, தாமதமானது. ஆனால் வழியெல்லாம் பச்சை.

முதலில் கண்ணாடிக் கதை. அது இல்லாமல் மற்றது புரியாது.

வேலைக்கு வந்த மூன்றாம் வருடம். போடி கடைத்தெருவில் ஒருவர் புதிதாகச் சலூன் திறக்கிறார். சுவர் அளவுக்கு ஆறு கண்ணாடி, வெளியூரிலிருந்து லாரியில் வந்தது. அவிழ்த்துப் பார்த்தால் நான்கு நொறுங்கிப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் எனக்குப் போன் செய்தார். "நாளைக்குக் காலையில சர்வேயரோட வர்றேன்" என்றேன். சர்வேயர் என்றால் சேதத்தை நேரில் பார்த்து மதிப்புப் போடுகிறவர். லாரிக் கம்பெனி தரப்பில் வருவார். அவர் கண்ணால் பார்க்காதது சேதக் கணக்கில் சேராது.

சனிக்கிழமை காலையில் போனோம். கடை பளபளவென்றிருந்தது. தரை கழுவி, வாசலில் கோலம் போட்டு, சூடம் ஏற்றிய கறுப்பு வட்டம்கூட அழியாமல் இருந்தது.

"உடைஞ்ச கண்ணாடி எங்கங்க?" என்றார் சர்வேயர்.

கடைக்காரர் எங்களைத்தான் புத்தி கெட்டவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வெள்ளிக்கிழம விளக்கு வைக்கிற நேரத்துல உடைஞ்ச கண்ணாடிய கடைக்குள்ள வச்சிருப்பாகளா சார்? அப்பவே வண்டியில அள்ளிக் கொண்டுபோயி ஓடைக்கு அங்கிட்டுக் கொட்டியாச்சு."

கண்ணாடியோடு ஈட்டுக் கோரிக்கையும் ஓடைக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சொல் பிறந்தது: தொடாதீங்க. போனை எடுத்து வணக்கம் சொல்வதற்கு முன் அதைத்தான் சொல்வேன். மூட்டை நனைந்திருக்கிறதா, தொடாதீங்க. பெட்டி நசுங்கியிருக்கிறதா, தொடாதீங்க. சர்வேயர் வரும்வரை பெருக்காதீங்க, துடைக்காதீங்க, அடுக்காதீங்க. கடைத்தெருவில் எனக்குப் பெயரே 'தொடாதீங்க மேடம்' என்று ஆனது. பதின்மூன்று வருடம் அந்தச் சொல் என்னைக் கைவிடவில்லை. எத்தனையோ பேருக்கு அது ஈடு வாங்கித் தந்திருக்கிறது. அதனால்தான் அதற்கு மேல் யோசிக்காமல் இருந்தேன்.

பங்குனி மாதம். வெயில் காலை எட்டு மணிக்கே உச்சியில் கைவைத்து அமுக்கும் நாட்கள். கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்திலிருந்து காசிமாயன் என்ற விவசாயி கூப்பிட்டார். இரண்டரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து, குழி வெட்டி, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, திசு வாழைக் கன்றுக்குப் பதிவு செய்து ஐந்து மாதம் காத்திருந்தவர். திசு வாழை என்றால் ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, சின்னக் கறுப்புப் பையில் ஒரு சாண் உயரத்தில் அனுப்புகிற கன்று. மூவாயிரம் கன்று, நூறு பெட்டியில், வடக்கேயிருந்து லாரியில் கிளம்பியது. வழியில் லாரி பழுதாகி, தார்ப்பாய் இறுக்கிக் கட்டியபடியே இரண்டு பகல் சாலையோரம் வெயிலில் நின்றிருக்கிறது.

"மேடம், லாரி இப்பத்தான் வந்துச்சு. பாயப் பிரிச்சா ஆவி அடிக்கிது மேடம். கண்ணு பூராம் வேகவச்ச கீர மாதிரிக் கெடக்கு."

நான் என் மந்திரத்தைச் சொன்னேன். ரசீதில் சேதம் என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்க. போட்டோ எடுங்க. இறக்கி வையுங்க. அப்புறம் தொடாதீங்க.

"தண்ணி மட்டும் லேசா…"

"தண்ணியும் கூடாது. சர்வேயர் வந்து பாக்கணும். எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கணும்."

போனுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. காசிமாயன் தாழ்ந்த குரலில், "தொடக் கூடாதுங்கிறாக" என்றார். அந்தப் பெண் குரல் சொன்ன பதிலை நான் எழுத முடியாது. இந்தத் தாளை அண்ணாச்சியும் படிப்பார்.

அண்ணாச்சி என்பது நம் முதலாளி. உங்களுக்கு நல்ல பிள்ளையாகத் தெரிகிறவர்.

சர்வேயருக்குப் போன் போட்டேன். மறுநாள் பதினொரு மணிக்குத்தான் வர முடியும் என்றார். சரி என்று வைத்துவிட்டு, கம்பம் பஸ் ஏறினேன். சின்னமனூர் தாண்டியபோது சன்னலில் வாழைத் தோட்டங்கள் வரத் தொடங்கின. நிமிர்ந்து, இலை கிழிந்து, காற்றில் கைதட்டிக்கொண்டு நிற்கிற வாழைகள். பக்கத்து வீட்டில் ஆள் சீக்காய்க் கிடக்கும்போது தெருவில் சிரித்துக்கொண்டு போகிறவர்களைப் போல அவை எனக்குத் தெரிந்தன. ஏனோ அந்த வழி முழுக்க நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். நூறு பெட்டியும் வெட்டவெளியில் வரிசையாக இருந்தன. லாரிக்காரர் எங்கே இறக்கினாரோ அங்கேயே. அவற்றைச் சுற்றி நாலு குச்சி நட்டு, கயிறு கட்டியிருந்தார் காசிமாயன். கயிற்றுக்கு வெளியே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்திருந்தார். இருபதடி தள்ளி, கிணற்று மோட்டார்க் குழாயைக் கையில் பிடித்தபடி அவர் மனைவி ஒச்சம்மாள் நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும். குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்திருந்தாள். விரலிடுக்கில் தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது.

"வாங்க மேடம்," என்றார் காசிமாயன். "நீங்க சொன்னபடி ஒருத்தரையும் அண்ட விடல. என் வீட்டுக்காரியத்தான் ரெண்டு வாட்டி வெரட்ட வேண்டியதாப் போச்சு."

"ரெண்டு வாட்டி வெரட்டுனாராம்!" என்றாள் ஒச்சம்மாள், என்னைப் பார்த்து. "கல்யாணம் கட்டி இருவத்தேழு வருசத்துல இந்த மனுசன் ஒரு கோழிய வெரட்டி நான் பாத்ததில்ல. இன்னைக்கி நீங்க போன்ல சொன்னீகளாம், வீரம் வந்துருச்சு."

நான் கயிற்றைத் தாண்டிப் போய்க் குனிந்தேன். இலைகள் ஓரம் பழுப்பாகி, நடுவில் மஞ்சளோடி, தண்டோடு ஒட்டித் தொங்கின. சில முழுதும் கறுத்துவிட்டன. சூடான மண்ணிலிருந்து புளித்த வாடை வந்தது. நான் போட்டோ எடுத்தேன். குறிப்பு எழுதினேன். பிறகு தேறிய குரலில் விளக்கினேன்: நாளை பதினொரு மணிவரை பொறுத்துக்கொள்ளுங்கள், விபத்து நடந்த இடத்தில் போலீஸ் வரும்வரை எதையும் நகர்த்தக் கூடாது அல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

ஒச்சம்மாள் கட்டைவிரலை எடுத்தாள். தண்ணீர் அவள் காலடியில் சும்மா கொட்டியது.

"சரி தாயி. போலீசு வர்ற வரைக்கும் பொணத்தத் தொடக் கூடாது. நியாயம். இது இன்னும் சாகலையே."

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன்.

"இந்தா பாரு," என்று ஒரு கன்றை எடுத்தாள். கயிறு, காவல் எதையும் அவள் சட்டை செய்யவில்லை. தொங்கிய இலைகளை விலக்கி, நடுவில் சுருண்டிருந்த குருத்தின் அடியை நகத்தால் கீறி என் விரலை இழுத்து வைத்தாள். ஈரம். பிசுபிசுப்பான, குளிர்ந்த ஈரம். அவ்வளவு வெயிலுக்குள் அது எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. "இப்பத் தண்ணி காட்டி நெழல்ல வச்சா பாதிக்கு மேல எந்திரிச்சுக்கிரும். நாளைக்குப் பதினோரு மணிக்கி நீ யாரக் கூட்டிட்டு வந்தாலும் அவருக்குக் காட்டக் கருவாடுதான் இருக்கும். மறுபடி கண்ணு வேணும்னா அஞ்சு மாசம் ஆகும்னு கம்பெனிக்காரக சொல்லிட்டாக. அஞ்சு மாசங்கழிச்சு நட்டா குத்தகை முடியிறதுக்குள்ள தாரு வெட்ட முடியாது. ஈடு வந்து நான் என்ன செய்ய, அத நட்டு வைக்கவா?"

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் மதுரையில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவில் நான் கத்தினேன், அவர் கத்தினார்.

"தண்ணி ஊத்தச் சொல்லவா, வேணாமா அண்ணாச்சி?"

"நீ அங்கன கண்ணுக்கு முன்னாடி இருக்க. நான் இங்கன எலைக்கு முன்னாடி இருக்கேன். எனக்குத் தெரியிறது அவியலு மட்டும்தான். கண்ணால பாக்குறவ முடிவு பண்ணு. எது பண்ணாலும் எழுதி வச்சிட்டுப் பண்ணு." துண்டித்துவிட்டார்.

அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை.

முதலில் எனக்கு நடுவழி ஒன்று தோன்றியது. தொண்ணூறு பெட்டியைக் காப்பாற்றுவோம், பத்துப் பெட்டியை மட்டும் சாட்சிக்கு அப்படியே வெயிலில் விடுவோம். புத்திசாலித்தனமான யோசனை என்று நினைத்தேன். "எந்தப் பத்து?" என்று கேட்டாள் ஒச்சம்மாள். காசிமாயன் ஒரு பெட்டியைத் தூக்கினார், உள்ளே பார்த்தார், திரும்ப வைத்தார். இன்னொன்றைத் தூக்கினார். "இதுல ஒரு மூணு நல்லாருக்கு போலயே" என்று அதையும் வைத்தார். கால் மணி நேரத்தில் அந்த மனிதர் இருபது பெட்டியைத் தூக்கி இருபதையும் வைத்துவிட்டார். சாகவிட ஒரு பெட்டிகூடக் கிடைக்கவில்லை.

சரி என்று கயிற்றை அவிழ்த்தேன். பதின்மூன்று வருடச் சொல்லை அவிழ்ப்பதற்கு அந்த முடிச்சைப் போலவே நேரம் பிடித்தது.

"தொடுங்க," என்றேன்.

அடுத்து நடந்தது திருவிழா. ஒச்சம்மாள் வரப்பில் ஏறி நின்று ஊரைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தோட்டக்கலை அலுவலர் ஒருவர் பக்கத்துக் கிராமத்தில் இருப்பது தெரிந்து, போன் செய்து வரவழைத்தேன். அவர் சாட்சி. பெட்டிக்கு எண் போட்டேன், ஒவ்வொன்றையும் தொடுமுன் ஒரு போட்டோ, தொட்டபின் ஒரு போட்டோ. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து குருத்தைக் கீறிப் பார்த்தார்கள். ஈரம் இருந்தால் உயிர், ஒரு பக்கம். குருத்து கறுத்து அழுகியிருந்தால் செத்தது, இன்னொரு பக்கம். இரண்டிலும் சேராமல், கீறினால் ஈரமா காய்ந்ததா என்று தெரியாமல் குழப்பியவை மூன்றாவது குவியல். அதற்கு 'சந்தேகம்' என்று பெயர் வைத்தோம்.

"ஏக்கா, இது உசுரா, போயிருச்சா?"

"மண்டைய ஆட்டாம கெடக்கா? வேல சொன்னா காதுல வாங்காம, சோத்துக்கு மட்டும் கண்ண முழிக்கிற மாதிரி இருக்கா?" என்றாள் ஒச்சம்மாள்.

"ஆமா."

"அப்ப எம் புருசன் கணக்குல வையி. சந்தேகம்."

காசிமாயன் எதுவும் கேட்காதவர்போலப் பெட்டி சுமந்தார்.

நிழல் வேண்டும். பசுமை வலை வாங்கக் கம்பத்துக்கு ஆள் அனுப்பினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒருத்தி வீட்டுக்கு ஓடி, கொடியில் காய்ந்த தன் சேலையை உருவிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. குச்சிக்குக் குச்சி கட்டினார்கள். சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள், பூப்போட்டது, கட்டம் போட்டது. பதினான்கு சேலை. வெயில் அவற்றின் வழியாக இறங்கும்போது நிறம் மாறி இறங்கியது. மஞ்சளுக்குக் கீழே பழுத்த கன்றுகள் இன்னும் பழுத்துத் தெரிந்தன, பச்சைக்குக் கீழே செத்ததுகூடப் பிழைத்ததுபோல் தெரிந்தது. "பச்சைக்கு அடியில வச்சுப் பிரிக்காதீக, கண்ணு ஏமாத்தும்" என்று ஒச்சம்மாள் சத்தம் போட்டு ஆட்களை இடம் மாற்றினாள். ஒரு சர்வேயருக்குக்கூட அது தோன்றியிருக்குமா தெரியாது.

யாரோ முதுகில் மாட்டுகிற மருந்துத் தெளிப்பானைக் கொண்டுவந்தார்கள், தண்ணீர் பூப்போலத் தெளிக்கலாம் என்று. நானும் தலையாட்டிவிட்டேன். ஒச்சம்மாள் அதன் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்தாள். "ஏலே, போன வாரம் இதுல களைக்கொல்லி அடிச்சீகளா இல்லையா? லாரிக்காரன் மிச்சம் வச்சத நாம கொல்லவா?" பிறகு வேப்பங்கொத்தை வாளியில் நனைத்து உதறி உதறித்தான் தெளித்தார்கள். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. செத்தது அறுநூற்றுப் பன்னிரண்டு. உயிர் ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்து நான்கு. சந்தேகம் எண்ணூற்று நாற்பத்து நான்கு. நானும் தோட்டக்கலை அலுவலரும் கையெழுத்துப் போட்டோம். செத்ததில் ஒன்றையும் எறியவிடவில்லை. அந்தக் குவியலுக்கு மட்டும் கயிறு கட்டினேன்.

மறுநாள் பதினொரு மணிக்குச் சர்வேயர் வந்தார். தொப்பி வைத்த, அதிகம் பேசாத மனிதர். வரப்பிலேயே நின்றுவிட்டார். முன்தினம் நான் அவருக்கு அனுப்பியது கருகிய கன்றுகளின் படம். இப்போது அவர் கண்டது வண்ணப் பந்தலும், அதன் கீழே லேசாகத் தலை தூக்கிய கன்றுகளும். எனக்குப் போடி சலூனின் கழுவிய தரை நினைவுக்கு வந்தது.

"யார் தொடச் சொன்னது?"

"நான்தான் சார்."

"நீங்களா?" என்றார். என் பெயர் அவருக்கும் தெரியும். "தொடாதீங்க மேடமா?"

என் குறிப்பேட்டை நீட்டினேன். நூறு பெட்டி, எண், நேரம், முன் படம், பின் படம், மூன்று எண்ணிக்கை, இரண்டு கையெழுத்து. நின்றபடியே முழுதும் படித்தார். செத்த குவியலில் பத்துப் பன்னிரண்டைக் கீறிப் பார்த்தார். பிறகு நிழலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"அப்படியே வெயில்ல போட்டு வச்சிருந்தீங்கன்னா முதல் கேள்வியே, ஏன் தண்ணி ஊத்தலன்னு கேட்டிருப்பேன்," என்றார். "காப்பாத்த முடிஞ்சதக் காப்பாத்தாம விட்டா, அந்தச் சேதத்துக்கு லாரிக்காரர் எப்படிப் பொறுப்பு? காப்பாத்துனதுக்கு ஆன செலவு இருக்கு பாருங்க, அதையும் கோரிக்கையில சேருங்க. ஆள் கூலி, மோட்டார், எல்லாம்."

பதினாறு வருடம் நான் வைத்திருந்த அதே விதிப்புத்தகத்தில்தான் அதுவும் இருந்தது. கண்ணாடி உடைந்த பிறகு அந்தப் பக்கத்தை நான் திருப்பவே இல்லை. கண்ணாடி உடைந்தால் உடைந்ததுதான், அதை அப்படியே வைக்கலாம். கன்று அப்படியே இருக்காது. இந்த வித்தியாசத்தைப் போன் எடுக்கும்போது நான் ஒரு நொடி நினைத்திருந்தால், அந்த அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒரு நூறாவது பிழைத்திருக்கும். என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவை நாலு மணி நேரம் கூடுதலாக வெயிலில் நின்றன. அதை நான் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

"சேலையும் சேருமா சார்?" என்று கேட்டாள் தெருப் பெண்களில் ஒருத்தி. குருத்தைக் கீறிய கையோடு கட்டியதில் எல்லாச் சேலையிலும் வாழைக் கறை. வாழைக் கறை போகாது என்பது உங்களுக்கும் தெரியும்.

சர்வேயர் மேலே பார்த்தார். "எத்தனை?"

"பதினாலு."

'பந்தல் துணி, பதினான்கு' என்று எழுதிக்கொண்டார்.

இனிதான் சிக்கல். படிவத்தில் சரக்குக்கு இரண்டே கட்டம்: நல்லது, சேதம். சந்தேகக் குவியலை எங்கே போடுவது? சர்வேயர் நல்ல மனதோடுதான் சொன்னார், "எல்லாத்தையும் சேதத்துலயே போட்டுரலாம். முழு ஈடும் கிடைக்கும்."

காசிமாயனின் முகம் மலர்ந்தது. எனக்கும்தான். பேனாவைத் திறந்துவிட்டேன்.

"போட்டுட்டா இந்தக் கண்ணு யாருக்கு?" என்றாள் ஒச்சம்மாள்.

"முழு ஈடு கொடுத்துட்டா சரக்கு அவங்களோடதும்மா. லாரிக் கம்பெனி எடுத்துக்குவாங்க."

"எடுத்துட்டுப் போயி நடுவாகளா?"

சர்வேயர் சிரித்துவிட்டார். "எங்க நட? குப்பையிலதான் கொட்டுவாங்க."

"அப்ப எழுதாதீக."

"ஏய்," என்றார் காசிமாயன், "வர்றத வேணாங்காதடி. இதுல எத்தன பொழைக்கும்னு ஒனக்கு என்ன தெரியும்?"

"தெரியாது. அதான் சந்தேகம்னு பேரு வச்சிருக்கு. குழி வெட்டிக் காத்திருக்கு, எட்டு நூறு குழிய என்ன, வாய் பொளந்துக்கிட்டே இருக்கச் சொல்றியா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சர்வேயரும் பார்த்தார். நல்லதில் போட்டால் பின்னால் சாவதற்கு ஈடு கிடையாது. சேதத்தில் போட்டால் பிழைப்பதும் கையைவிட்டுப் போகும். எந்தக் கட்டத்தில் எழுதினாலும் பொய். நான் கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, அச்சடித்த இரண்டு கட்டத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கோடு இழுத்தேன். தலைப்பில் 'இன்னும் தெரியவில்லை' என்று எழுதினேன். கீழே, பதினைந்து நாள் கழித்து மறுபார்வை.

"இப்படி ஒரு கட்டம் கிடையாதே," என்றார் சர்வேயர்.

"இப்ப இருக்கு சார்."

அவர் தொப்பியைக் கழற்றி, விசிறி, மறுபடி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஈடு வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். வந்தது. லாரிக் கம்பெனி மேலாளர் என்னைப் போனில் கூப்பிட்டு, "வாழைக்கன்னுதான மேடம் ஏத்துனோம், சேலை எப்ப ஏத்துனோம்?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்தவருக்கு அதைத் திருப்பிச் சொல்லும் சத்தமும், இருவரும் சிரிக்கும் சத்தமும் கேட்டன. சேலைக்கும் சேர்த்தே அனுப்பினார்கள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசிவரை நீங்கள் அதையே நினைத்துக்கொண்டு, பதினைந்தாம் நாள் நடந்ததைக் கவனிக்க மாட்டீர்கள்.

பதினைந்தாம் நாள் போனபோது, பிழைத்த கன்றுகள் குழியில் இறங்கி, வரிசை பிடித்து நின்றன. சந்தேகக் குவியல் மட்டும் இன்னும் சேலை நிழலில் இருந்தது. பெரும்பாலானவை புது இலை ஒன்றைச் சுருட்டுப்போல் நீட்டியிருந்தன. சர்வேயர் உட்கார்ந்து ஒன்றொன்றாக எண்ணினார். ஒச்சம்மாள் அவருக்கு எதிரில் உட்கார்ந்து தானும் எண்ணினாள். முடிவில் அவர், "செத்தது இருநூற்று முப்பது" என்றார்.

"இல்ல. இருநூத்தி பத்தொம்பது."

பதினொரு கன்றுக்குச் சண்டை. என் வேலையில் நான் பார்த்த சண்டையெல்லாம் வேறு மாதிரி: சரக்குக்காரர் சேதத்தை ஏற்றுவார், சர்வேயர் இறக்குவார். இங்கே சர்வேயர் ஏற்றுகிறார், சரக்குக்காரி இறக்குகிறாள்.

"அம்மா, நான் கூட எழுதினா உங்களுக்குத்தானே நல்லது."

"நல்லது இருக்கட்டும் சார். உசுரோட இருக்கிறத செத்துச்சுன்னு எழுதி என்னையக் கையெழுத்துப் போடச் சொல்றீக. நாளைக்கு அது எந்திரிச்சு நின்னா நான் எந்த மொகத்தோட தண்ணி பாச்சுவேன்?"

காசிமாயன் தலையிலடித்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டார். சர்வேயர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பதினொன்றையும் தனியே எடுத்து வரிசையாக வைத்தேன். மண்ணில் மண்டியிட்டு முதல் கன்றின் குருத்தை நகத்தால் கீறி, விரலை வைத்தேன்.

"ஈரம்," என்றேன்.

சர்வேயர் தாளில் அடித்துவிட்டு, இருநூற்று இருபத்தொன்பது என்று எழுதினார்.

இரண்டாவது காய்ந்திருந்தது. ஒச்சம்மாளே அதை எடுத்துச் செத்த பக்கம் வைத்தாள். மூன்றாவது ஈரம். நான்காவதை அவர் கீறினார், தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டு குனிந்து, "இருங்க, இருங்க" என்றார். ஈரம். அதன் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. மூன்று பேரும் மண்ணில் உட்கார்ந்து, மூன்று தலையும் இடிக்க, பதினொன்றையும் பார்த்து முடித்தோம். ஏழு ஈரம், நாலு காய்ந்தது.

"இருநூத்தி இருபத்தி மூணு," என்றார் சர்வேயர். "ஒத்துக்கிறீங்களா?"

ஒச்சம்மாள் நாலு கன்றையும் இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டாள். பிறகு ஏழையும் மடியில் ஏந்திக்கொண்டு குழிகளை நோக்கிப் போனாள். அதில் மூன்றைச் சர்வேயர் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனார், கையிலிருந்த பேனாவைக் காதில் செருகிக்கொண்டு.